கால் இடறாத குளியலறை

நீராடுதல் நம்மவர்க்கு உடலழுக்கைப் போக்கும் செயல் மட்டும் அன்று. விடியற்காலையில் செய்யும் முதற்கடன் அது. பூசைக்கும் விரதத்துக்கும் முன்னே நிற்பது அது. இழவுவீடு சென்று மீண்டவர் தம் வீட்டினுள் புகுமுன் முடிக்க வேண்டியதும் அதுவே. இத்துணை இன்றியமையாத செயலுக்கு எத்தகைய இடம் வேண்டும் என்ற வினாவுக்கு யாழ்ப்பாணத்துக் கிணற்றடி நல்ல விடை தருகின்றது. கிணற்றருகே ஒரு சீமெந்துத் தளம். அத்தளத்தில் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு சிறு சரிவு. சரிவின் முடிவில் ஒரு வாய்க்கால். வாய்க்காலின் முடிவில் வாழை மரங்கள். வாளி வாளியாக நீரை அள்ளி ஊற்றினாலும் காலடியில் நீர் தேங்குவதில்லை. நீராடுபவர் எதனையும் ஏறிக் கடக்க வேண்டுவதும் இல்லை.

இவ்விரண்டு நன்மைகளும் மேல்நாட்டு வீட்டின் மேன்மாடியில் கிடைத்தல் எளிதன்று. அதற்கென அங்கே ஒரு தனி முறையையும், அம்முறைக்கு வேண்டிய ஒரு தனிப் பொருளையும் உண்டாக்கியுள்ளனர். அப்பொருளைத் தெரிந்தெடுக்கும் விதத்தையும் பொருத்தும் விதத்தையும் இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம். இலண்டனில் மகனோ மகளோ இல்லாத குடும்பம் நம்மிடையே அரிதாகி வருகின்றது. ஆகவே இது நமக்குப் புறம்பான செய்தி அன்று. அன்றியும், இதிலுள்ள நுட்பம் நம் நாட்டு வீடுகளுக்கும் பயன்தரத் தக்கது.

தொட்டியின் விளிம்பு

இங்கிலாந்தின் பழைய வீடுகள் பலவற்றில் குளியலறை மேன்மாடியில் அமைந்திருக்கும். அங்கே நீராடுவதற்கென இருப்பது ஒரு நீண்ட குளியல் தொட்டி. அதன் விளிம்பு தரையினின்றும் ஏறத்தாழ அரை மீற்றர் உயர்ந்து நிற்கும். இளைஞர்க்கு அது ஒரு தடையன்று. முழங்கால் வாதமுற்ற முதியவர்க்கோ அது ஒரு மதில். ஒரு காலை உயர்த்தி, மறுகாலில் உடலைத் தாங்கி, வழுக்கும் ஈரத்தில் அக்காலை வைத்து இறங்குதல் வேண்டும். விழுந்தால் இடுப்பெலும்பு முறிதல் கூடும். முதுமையில் முறிந்த எலும்பு ஒருவரைப் படுக்கையிலேயே கிடத்தி விடுவதும் உண்டு.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், எழுபது வயதைக் கடந்த தாயார் ஒருவர் மகளுடன் வாழ இலண்டன் சென்றார். ஊரில் நாள்தோறும் விடியலில் நீராடியவர் அங்கே வாரத்தில் ஒரு நாள் மட்டும், அதுவும் மகள் வேலை முடிந்து வந்த பின்னரே, நீராடத் தலைப்பட்டார். காரணம் கேட்டபொழுதெல்லாம், “குளிராய்க் கிடக்குது, பிள்ளை” என்றார். உண்மையில் அவர் அஞ்சியது குளிரை அன்று, அந்த விளிம்பையே. தொட்டியை ஏறிக் கடக்கும்போது மகளின் கையைப் பற்றவேண்டியிருந்த நாணம் அவரைப் பேசவிடவில்லை. இதனை மகள் அறிந்துகொள்ளப் பல மாதங்கள் சென்றன.

இத்தகையோரின் பொருட்டு அந்நாட்டில் பரவிவரும் ஏற்பாடே ‘வெற் றூம்’ எனப்படும் ஈரத்தள அறை. தொட்டி இல்லை; உயர்ந்த விளிம்புடைய தட்டும் இல்லை. அறையின் தரையே குளிக்கும் தளம். மேலிருந்து சவர்க் குழாய் நீரைப் பொழியும். தரையின் சரிவு அந்நீரை வடிகாலுக்கு அழைத்துச் செல்லும். சுருங்கச் சொன்னால், நம் கிணற்றடியை ஓர் அறைக்குள் கொண்டுவந்து வைத்தது போன்றதாகும்.

சாய்தளப் பலகை என்பது யாது?

நம் நாட்டில் ஒரு மேசன் சீமெந்துச் சாந்தைக் கொண்டு தரைக்கு வாட்டம் பிடித்துவிடுவார். அங்கேயும் அவ்வாறு செய்தாலென்ன என்று மாணவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடை அவ்வீடுகளின் தரையில் உள்ளது. மேன்மாடித் தரை கொங்கிறீற்றால் ஆனதன்று. சுவருக்குச் சுவர் நீளும் மர வளைகளின் மேல் பலகை பரப்பிய தரை அது. ஐம்பது மில்லிமீற்றர் தடிப்புள்ள சீமெந்துச் சாந்து ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய நூறு கிலோகிராம் நிறையுடையது. மூன்று சதுர மீற்றர் பரப்பினால் முந்நூறு கிலோகிராம். பழைய வளைகளின் மேல் அப்பாரத்தை ஏற்றுதல் தகாது. மேலும், மரம் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிறிது அசையும். சாந்தோ அசையாது, வெடிக்கும். வெடித்த இடத்தில் நீர் இறங்கும்.

ஆதலின், சரிவைத் தொழிற்சாலையிலேயே அமைத்து, ஒரே பலகையாகச் செய்து விற்கின்றனர். இதனை அந்நாட்டார் ‘சவர் றே போமர்’ என்பர். நாம் சாய்தளப் பலகை எனலாம். தரையோடுகளுக்குக் கீழே மறைந்து கிடப்பது இது. நான்கு விளிம்புகளும் ஒரே மட்டத்தில் இருக்க, வடிகால் துளையை நோக்கி மேற்பரப்பு மெல்லத் தாழ்ந்து செல்லும். வேலை முடிந்தபின் இதனை எவரும் காண்பதில்லை. ஆயினும் அவ்வறையின் நன்மை தீமை பெரும்பாலும் இதிலேயே தங்கியுள்ளது.

கடைகளில் மூவகைப் பலகைகள் காணப்படும். முதல்வகை, இறுகிய நுரைப் பொருளை நடுவே வைத்து, இருபுறமும் இழைவலை பதித்த சீமெந்துப் பூச்சுப் பூசியது. இது இலேசானது, வாளால் அறுக்கத் தக்கது, ஆனால் அடியில் எங்கும் வெற்றிடம் இன்றி முழுமையாகத் தாங்கப்படல் வேண்டும். இரண்டாம் வகை, கண்ணாடியிழையும் பிசினும் கலந்து வார்த்தது. இது வலிமை மிக்கது. தயாரிப்பாளர் குறித்த இடைவெளிக்குள் வளைகள் இருப்பின் அவற்றின் மேல் நேரே வைக்கத் தக்கவையும் இவ்வகையில் உண்டு. மூன்றாவது, ஒட்டுப்பலகையைச் சரிவாகச் சீவிச் செய்தது. மூன்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கூறல் இயலாது. வீட்டின் தரை எத்தகையது என்று பார்த்த பின்னரே கூறலாம்.

தெரிந்தெடுக்குமுன் அறிய வேண்டியவை

பலகையைக் கடையில் தேடுமுன் தரையைக் கிளப்பிப் பார்த்தல் வேண்டும். வளைகள் எத்திசையில் ஓடுகின்றன? அவற்றிடையே எவ்வளவு இடைவெளி? உளுத்தனவோ, ஈரத்தால் உக்கியனவோ உண்டா? கழிவுநீர்ப் பெருங்குழாய் எச்சுவரில் இறங்குகின்றது? இவ்வினாக்களுக்கு விடை காணாது வாங்கிய பலகை, வீட்டுக்கு வந்த பின்னரே தன் குறையைக் காட்டும்.

பலருக்கு நேரும் இடர் ஒன்றுண்டு. பலகையில் வடிகால் துளை அமைந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு வளை குறுக்கிட்டு விடும். வளையை வெட்டுதல் ஆகாது; அது தரையைத் தாங்குவது. ஆகையால், துளை நடுவில் உள்ளதா, ஒரு புறமாக ஒதுங்கியுள்ளதா, பலகையைத் திருப்பி வைத்தால் துளை வளையிடைவெளியில் விழுமா என்பவற்றை முன்னரே அளந்து கொள்ளவேண்டும்.

பலகையை அறுத்து அளவு குறைக்கலாமா? நுரைவகையை அறுக்கலாம். ஆனால் மேற்பரப்பு வடிகாலை நோக்கித் தாழ்ந்து செல்வதால், ஓரத்தை அறுக்குந்தோறும் விளிம்பின் தடிப்புக் குறையும். ஒரு பக்கத்தை மட்டும் அறுத்தால் அப்பக்கத்து விளிம்பு மற்றவற்றினும் தாழ்ந்துவிடும். நான்கு விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும் என்ற விதி அப்பொழுது கெடும். எனவே சரியான அளவுடையதையே வாங்குதல் நன்று.

இனி, பாவிக்கப் போகின்றவரையும் எண்ணுதல் வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்து நீராட நேருமாயின், நுரைப்பலகையின் மேல் மிகச் சிறிய தரையோடுகளைப் பதித்தல் ஆகாது. சக்கரத்தின் பாரம் முழுவதும் ஒரு சிறு ஓட்டின் மேல் இறங்கி அதனை அமிழ்த்திவிடும். எவ்வளவு பாரம் தாங்கும், எந்த அளவு ஓடு பதிக்கலாம் என்பன தயாரிப்பாளரின் குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். அதனைப் படித்தபின் பணம் கொடுத்தல் அறிவுடைமை.

சரிவுக் கணக்கு

சரிவு எவ்வளவு இருத்தல் வேண்டும்? 80க்கு 1 என்பதனினும் குறைந்தால் நீர் தேங்கும். 40க்கு 1 என்பதனினும் மிகுந்தால் நிற்பவர்க்கும் நாற்காலிக்கும் இடர் தரும். ஒரு மீற்றர் நீளத்தில் முன்னது பன்னிரண்டரை மில்லிமீற்றர் இறக்கம். பின்னது இருபத்தைந்து மில்லிமீற்றர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே ஏற்றது.

மாணவர்களுக்கு இங்கே ஒரு கணக்கு உண்டு. 900 மில்லிமீற்றர் பக்கமுள்ள சதுரப் பலகையின் நடுவே வடிகால் உள்ளதெனக் கொள்வோம். பக்கத்தின் நடுவிலிருந்து வடிகாலுக்குள்ள தூரம் 450 மில்லிமீற்றர். சரிவு 50க்கு 1 ஆயின் இறக்கம் 9 மில்லிமீற்றர். ஆனால் மூலையிலிருந்து வடிகாலுக்குள்ள தூரம் 636 மில்லிமீற்றர் ஆகும். விளிம்புகள் யாவும் ஒரே மட்டத்தில் இருப்பதால் மூலையிலும் இறக்கம் அதே 9 மில்லிமீற்றர்தான். ஆகவே மூலைவிட்டத்தின் வழியே சரிவு ஏறக்குறைய 71க்கு 1 ஆகக் குறைந்து போகின்றது. குளியலறையில் முதலில் பாசி பிடிப்பது மூலைகளிலே என்பதற்கு ஒரு காரணம் இதனால் விளங்கும். பைதாகரசின் தேற்றம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று.

வடிகாலின் உருவம் தரையோட்டின் அளவையும் நிருணயிக்கும். நடுவில் வடிகால் இருந்தால் தரை நான்கு திசைகளிலிருந்தும் சரிய வேண்டும். பெரிய ஓடு இரு சரிவுகளின் மேல் வளைந்து கொடாது; அதனை மூலைவிட்டமாக வெட்டிப் பதிக்க வேண்டும், அல்லது சிறிய ஓடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சுவரோரமாக நீண்ட வாய்க்கால் வடிகால் வைப்பின், தரை ஒரே திசையில் சரிந்தாற் போதும். பெரிய ஓடுகளையும் முழுமையாகப் பதிக்கலாம்.

நீரடைப்பும் குழாயும்

வடிகாலின் கீழே வளைந்த குழாயில் சிறிது நீர் எப்பொழுதும் தேங்கி நிற்கும். கழிவுக் குழாயின் துர்நாற்றம் வீட்டினுள் ஏறாதபடி தடுக்கும் காவலன் அந்நீரே. சவருக்குரிய நீரடைப்பு 50 மில்லிமீற்றர் ஆழம் இருத்தல் அந்நாட்டு வழக்கமான விதி. தரையின் கீழே அவ்வளவு ஆழம் கிடைக்காத வீடுகளுக்கென நீரின்றி இரப்பர்ச் சவ்வால் மூடிக்கொள்ளும் வகைகளும் உண்டு. குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டு மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டி வைத்தால் நீரடைப்பு ஆவியாகி வற்றும். திரும்பியதும் நாற்றம் வீசும். ஒரு வாளி நீர் ஊற்றினாற் போதும். பழுது ஒன்றும் இல்லை.

அடுத்து, நீரின் அளவு. பொழியும் நீரைவிட வடியும் நீர் மிகுந்திருத்தல் வேண்டும்; இல்லையேல் அறை குளமாகும். இதனை அறியப் பெருங்கருவி எதுவும் வேண்டுவதில்லை. பத்து லீற்றர் வாளியைச் சவரின் கீழே வைத்துக் கடிகாரத்தைப் பார்க்க. நாற்பது செக்கனில் நிறைந்தால் நிமிடத்துக்குப் பதினைந்து லீற்றர். வாங்கும் வடிகாலின் கொள்திறன் இதனினும் நன்கு மிகுந்திருக்கட்டும். நீண்ட கூந்தலும் எண்ணெயும் சீயக்காயும் நம்மவர் குளியலுக்கு உரியன. அவை வடிகாலை அடைப்பனவும் ஆகும். மேல்மூடியைக் கழற்றிக் கையாற் சுத்தம் செய்யத் தக்க வடிகாலையே தெரிக.

வடிகாலிலிருந்து பெருங்குழாய் வரை செல்லும் குழாய்க்கும் சரிவு வேண்டும். நாற்பது மில்லிமீற்றர் குழாயாயின், மீற்றருக்குக் குறைந்தது 18 மில்லிமீற்றர் இறக்கம் வேண்டும். நீளம் மூன்று மீற்றரைத் தாண்டலாகாது. மூன்று மீற்றருக்கு இறக்கம் 54 மில்லிமீற்றர். இது வளைகளுக்கு இணையாக ஓடினால் எளிது. குறுக்கே ஓடவேண்டின் வளைகளைத் துளைக்க நேரும். வளையின் உயரத்தில் காற்பங்குக்கு மேற்பட்ட துளை அதன் வலிமையைக் குலைக்கும். இருநூறு மில்லிமீற்றர் உயர வளைக்கு ஐம்பது மில்லிமீற்றரே எல்லை. துளையும் வளையின் உயரத்தின் நடுக்கோட்டில் அமைய வேண்டும். மேலேயோ கீழேயோ கொத்தி எடுத்தல் தவறு. இதனை எண்ணியே வடிகாலின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

பொருத்தும் முறை

முதலில் பழைய தொட்டியையும் தரைப்பலகைகளையும் அகற்றி, பழுதான வளைகளைச் செப்பனிட வேண்டும். சாய்தளப் பலகையின் விளிம்பு வரும் இடமெங்கும் வளைகளுக்கிடையே குறுக்குச் சட்டங்களை அறைந்து, எவ்விளிம்பும் அந்தரத்தில் நில்லாதபடி செய்ய வேண்டும். மிதிக்கும்போது அசையும் தரை, பின்னர் ஓட்டையும் படலத்தையும் பிளக்கும்.

இரண்டாவது, பசை எதுவும் இடாது பலகையை வெறுமனே வைத்துப் பார்த்தல். துளையின் நடுவைக் கீழே குறித்துக்கொண்டு பலகையை எடுத்துவிட்டுக் குழாய் வேலையை முடிக்க வேண்டும். குழாயில் ஒரு வாளி நீர் ஊற்றி ஒவ்வொரு பொருத்தையும் கையால் தடவிப் பார்த்தல் நன்று. மூடிய பின் அப்பொருத்துகளைக் காண வழியில்லை.

மூன்றாவது, உயரத்தை ஒத்துப் பார்த்தல். பலகை இருபத்திரண்டு மில்லிமீற்றர் தடிப்பாயின் சுற்றியுள்ள தரைக்கும் அதே தடிப்புள்ள ஒட்டுப்பலகை இட்டால் இரண்டும் ஒரே மட்டமாகும். நுரைப்பலகையாயின், அதன் அடியில் ஒட்டுப்பலகைத் தளம் ஒன்று வேண்டும். வளைகளின் பக்கங்களில் சட்டம் அறைந்து, அத்தளத்தை வளைகளுக்கிடையே தாழ்த்தி அமைப்பர். படி இல்லாத தரையே நம் நோக்கம் என்பதை மறத்தல் ஆகாது. பத்து மில்லிமீற்றர் மேடும் முதியவரின் கால்விரலை இடறும்.

நான்காவது, பலகையை இருத்தல். நெகிழும் தன்மையுள்ள ஒட்டுச்சாந்தைப் பல்லுள்ள கரண்டியாற் பரப்பி, அதன்மேல் பலகையை அழுத்தி வைப்பர். திருகாணி இடத்தக்க வகைக்கு அதுவும் இடுவர். பின் இரசமட்டத்தை நான்கு விளிம்புகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் அனுபவமற்றோர் பிழை விடுவர். நீர் நன்றாக ஓடட்டும் என்று எண்ணிப் பலகையையே சிறிது சாய்த்து வைப்பர். சரிவு பலகைக்குள்ளேயே இருக்கின்றது; விளிம்பு முழு மட்டமாக இருந்தாலன்றி அச்சரிவு பயன்தராது. சாய்த்து வைத்த பலகையில் ஒரு பக்கத்து நீர் விரைந்து ஓடும். எதிர்ப்பக்கத்து நீர் அசையாது நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத படலம்

தரையோடும் ஓடுகளுக்கிடையே நிரப்பும் சாந்தும் நீரைத் தடுக்கும் என்பது பலரின் எண்ணம். அது தவறு. அவை நீரைக் குறைக்குமேயன்றி முற்றாகத் தடுக்க மாட்டா. தினமும் சிறிது சிறிதாகக் கசியும் ஈரம் பலகையை உக்கச் செய்யும். கீழ்மாடிக் கூரையில் கறையாக வெளிப்படும். நீரைத் தடுப்பது ஓட்டின் கீழேயுள்ள படலமே.

பலகையும் தரையும் சந்திக்கும் இடங்களிலும், தரையும் சுவரும் சந்திக்கும் மூலைகளிலும், வடிகாலைச் சுற்றியும் நீர்புகா நாடாவை ஒட்ட வேண்டும். அதன்மேல் திரவப் படலத்தை இருமுறை பூச வேண்டும். முதற்பூச்சு ஒரு திசையிலும், அது உலர்ந்தபின் இரண்டாம் பூச்சு குறுக்குத் திசையிலும் அமைதல் வேண்டும். தாள் போன்ற படலத்தை ஒட்டும் முறையும் உண்டு. தரை முழுவதும், சவர் உள்ள சுவர்கள் ஆளுயரத்துக்கு மேலும், ஏனைய சுவர்களின் அடிப்பகுதியும் இவ்வாறு மூடப்படல் வேண்டும். வாசற்படியின் கீழும் படலம் ஓட வேண்டும். நீர் கதவைக் கடந்து போக விரும்புவது இயல்பு.

ஒரு நாட் சோதனை

படலம் உலர்ந்தபின், ஓடு பதிக்குமுன், வடிகாலை அடைத்துத் தளத்தில் நீரை நிறுத்தி ஒரு நாள் முழுவதும் வைத்திருக்க வேண்டும். நீர்மட்டத்தைச் சுவரிற் பென்சிலால் குறித்துக்கொண்டு, மறுநாள் மட்டம் தாழ்ந்ததா, கீழ்மாடிக் கூரையில் ஈரம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். வேலையாட்கள் இதனை விரும்புவதில்லை. ஒரு நாட்கூலி வீணாகின்றது என்பர்.

முன்னே குறித்த குடும்பத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. தாயாரின் பொருட்டு ஈரத்தள அறை அமைத்தபொழுது, வேலைக்கு வந்தவர் சோதனை தேவையில்லை என்று வாதாடினார். மகள் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் பென்சிற் கோட்டுக்கும் நீருக்கும் இடையே ஒரு விரற்கடை வெளி தெரிந்தது. வடிகாலைச் சுற்றிய நாடா ஓரிடத்தில் ஒட்டாது கிளம்பி நின்றது. அதனைச் சரிசெய்ய ஒரு முற்பகலே போதுமாயிற்று. ஓடு பதித்தபின் அறிந்திருப்பின் அறை முழுவதையும் உடைக்க நேர்ந்திருக்கும்.

சோதனை தேறியபின் ஓடு பதிக்கலாம். மரத்தரைக்கு நெகிழும் ஒட்டுச்சாந்தே உகந்தது. ஓட்டின் அடியில் வெற்றிடம் விடலாகாது. தரையும் சுவரும் சந்திக்கும் மூலையில் கடினச் சாந்தை நிரப்பாது, நெகிழும் சிலிக்கோனையே இடவேண்டும். ஓட்டின் பளபளப்பைக் கண்டு மயங்குதல் ஆகாது. ஈரத்தில் வழுக்காமையே முதற்குணம். ஊசற் கருவியால் அளக்கும் சோதனையில், நனைந்த நிலையில் 36 அல்லது அதற்கு மேற்பட்ட எண் பெற்ற ஓடு வழுக்கும் அபாயம் குறைந்தது எனப் பிரித்தானியாவிற் கொள்வர். கடைக்காரரிடம் அவ்வெண்ணைக் கேட்டு வாங்குதல் வேண்டும். கைப்பிடியும் மடக்கு இருக்கையும் பின்னொரு நாள் வேண்டப்படலாம். அவற்றைத் தாங்கும் கட்டைகளைச் சுவரினுள் இப்பொழுதே பதித்து வைத்தல் முன்னறிவாகும்.

செலவும் உதவியும்

இத்தகைய வேலைக்குச் செலவு சிறிதன்று. இங்கிலாந்தில் வாழ்வோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். உடல் வலுவிழந்தோரின் வீட்டைத் திருத்தியமைப்பதற்கென உள்ளூராட்சி மன்றங்கள் 30,000 பவுண் வரை மானியம் வழங்குகின்றன. வீட்டுச் சொந்தக்காரர் மட்டுமன்றி வாடகைக்கு இருப்போரும் விண்ணப்பிக்கலாம். வருவாயும் சேமிப்பும் ஆராயப்படும். பெரும்பாலும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, தேவையை நேரிற் கண்டு அறிக்கை எழுதுவார். அனுமதி கிடைக்குமுன் வேலையைத் தொடங்கினால் மானியத்தை இழக்க நேரிடலாம். குடிவரவு நிலையும் தகுதியைப் பாதிக்கக் கூடுமாதலின், மன்றத்திலேயே முதலில் விசாரித்தல் வேண்டும். சிகிச்சையாளர் வரும் நாளில், நம் முதியோர் நாணத்தினால், “எனக்கு ஒரு குறையும் இல்லை” என்று சொல்லிவிடுவதுண்டு. பிள்ளைகள் அருகிலிருந்து உண்மையை எடுத்துரைத்தல் வேண்டும்.

நம் நாட்டு வீடுகளில்

இலங்கையில் நம் குளியலறைகள் பெரும்பாலும் ஈரத்தள அறைகளே. கொங்கிறீற்றுத் தளத்தில் மேசனின் சாந்து வாட்டமே போதும். சாய்தளப் பலகை வேண்டியதில்லை. ஆயினும் பலகை கற்பிக்கும் பாடங்கள் மூன்றும் நமக்கும் உரியன.

முதலாவது, சரிவை ஓடு பதிப்பவரின் கைப்போக்கிற்கு விடாது முன்னரே அளந்து குறித்தல். வடிகாலை வாசலருகே வைத்து, நீர் முழுவதையும் நடக்கும் வழியில் ஓடவிடும் வீடுகள் எத்தனை! இரண்டாவது, மேன்மாடிக் குளியலறைக்கு நீர்புகாப் படலம் இடுதல். கொங்கிறீற்று நீரை உறிஞ்சும். உட்புகுந்த நீர் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். தொடர்மாடி வீடுகளில் நமது கசிவு கீழ்வீட்டாரின் கூரையில் தோன்றி, அயலவருடன் பகையை விளைக்கும். மூன்றாவது, ஒரு நாட் சோதனை. அதற்கு வேண்டியது நீரும் பொறுமையும் மட்டுமே.

நம் வீடுகளில் ஒரு குறையும் உண்டு. நீர் வெளியே வராதிருக்கக் குளியலறைத் தளத்தைத் தாழ்த்தி, வாசலில் ஒரு படி வைப்பது நம் வழக்கம். இலண்டன் வீட்டில் தொட்டியின் விளிம்பு செய்வதை இங்கே அந்தப் படி செய்கின்றது. இரவில் விளக்கின்றி எழும் முதியவர் அதில்தான் இடறுவர். புதிதாக வீடு கட்டுவோர், படிக்குப் பதிலாக வாசலின் உட்புறத்தே கம்பிமூடி இட்ட சிறு வாய்க்கால் ஒன்றை அமைத்து, தரையை உட்புறமாகச் சரியவிட்டால் நீரும் வெளியே வாராது, காலும் இடறாது.

வீடு கட்டும்போது நாம் முகப்புக்கும் தூணுக்கும் வர்ணத்துக்கும் செலவிடும் சிந்தனையிற் பாதியையேனும் குளியலறைத் தரையின் அடியிற் செலவிடுவதில்லை. அங்கே செய்யும் வேலையை விருந்தினர் காணார், அயலார் புகழார். ஆனால் வீட்டில் மூத்தவர், எவர் கையையும் பற்றாது, எவரையும் அழையாது, தாமே சென்று நீராடித் திருநீறு அணிந்து வரும் காலைப்பொழுதுகள் அத்தரையினாலேயே அமைவன. இளமையில் வீடு கட்டுவோர் தம் முதுமையையும் அவ்வீட்டில் குடியிருத்திக் கட்டுவார்களாக.